இருநூற்று இருபது அடி, பதினான்கு படி

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் என் தங்கச்சி, அதாவது உன் பெண்டாட்டி, அழுவாள். அதனால் உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஏணியிலிருந்து விழுந்து இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். இடுப்பில் தகடு, வலது மணிக்கட்டில் கம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து இந்தப் பயிற்சி மையத்துக்கு மாற்றிப் பத்து நாள் ஆகிறது. உனக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. ஞாயிறுதோறும் தங்கச்சி வருகிறாள், நீ வருவதில்லை. கேட்டால், "அவருக்கு வேலைண்ணே" என்கிறாள். சரி, இருக்கட்டும்.

மணிக்கட்டுக்குப் பயிற்சியாகத் தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பதினோரு வருஷமாக நான் மேலே நின்று சுவருக்குப் பெயின்ட் அடித்தேன், நீ கீழே நின்று ஏணியைப் பிடித்தாய். வேறு யாருக்கு எழுத? எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். தங்கச்சி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே ஒரு பிசியோ அம்மா இருக்கிறார். வந்த அன்றே ஒரு தாளை நீட்டி, "உங்க இலக்கு என்னன்னு எழுதுங்க" என்றார். 'பழையபடி ஆக வேண்டும்' என்று எழுதினேன். "இது வேண்டுதல் சார், இலக்கு இல்ல. என்ன செய்யணும், எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள, அதை எழுதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரவெல்லாம் யோசித்து ஒன்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இது சரியான இலக்கு" என்றார். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டார். கெடு ஏப்ரல் கடைசி.

முதல் துண்டு, நாற்காலியில் கையை ஊன்றாமல் ஐந்து தரம் எழுந்து உட்கார்வது. இவ்வளவுதானா என்றுதான் நினைத்தேன். இரண்டாவது தரத்திலேயே கண்ணில் பூச்சி பறந்தது.

பதில் போடு.

இப்படிக்கு,
மச்சான்

மார்ச் 10

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று தரம் படித்தேன். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் வீட்டுக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டுகளை விட இது மேல்.

நான் இப்போது பெயின்ட் கடையில் இருக்கிறேன். டப்பாவை மெஷினில் வைத்துக் குலுக்கி நிறம் கலந்து கொடுக்கிற வேலை. நாள் முழுக்கத் தரையிலேயே நிற்கலாம். நேற்று ஒரு அம்மா தன் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து, "இதே கலர் வேணும், ஆனா கொஞ்சம் வேற மாதிரி" என்றார். நீங்கள் இருந்தால் இரண்டு நாள் சொல்லிச் சிரிப்பீர்கள்.

போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம்.

ஐந்து தரம் எழுந்துவிடுவீர்கள். அவசரப்படாதீர்கள். உங்களுக்கு அவசரம் ஜாஸ்தி.

வணக்கத்துடன்,
மாப்பிள்ளை

மார்ச் 23

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஐந்து தரம் அல்ல, எட்டுத் தரம் எழுந்தேன். பிசியோ அம்மா தாளில் பச்சைப் பேனாவால் கோடு போட்டார். பக்கத்துக் கட்டில் தபால்காரர் கைதட்டினார். அவருடைய இலக்கு தானாகவே சாக்ஸ் போட்டுக்கொள்வது. மனிதர் அந்தச் சாக்ஸோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

இரண்டாவது துண்டு, ஊன்றுகோல் வைத்துக்கொண்டு நிற்காமல் இருநூற்று இருபது அடி நடப்பது. நூற்று நாற்பது வரை வந்திருக்கிறேன். மூன்றாவது, பதினான்கு படி ஏறுவது. இங்கே பயிற்சிக்கு இருப்பது நாலே படி. செக்குமாடு மாதிரி அதிலேயே ஏறி இறங்குகிறேன். நாலாவது, வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி வீசுவது. அதுதான் கஷ்டம். பாதி வழியிலேயே தோள் பிடித்துக்கொள்கிறது.

உன் உயரம் என்ன? பிசியோ அம்மா கேட்டார். மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
மச்சான்

மார்ச் 30

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

என் உயரம் ஐந்தடி ஏழங்குலம். எதற்கென்று புரியவில்லை. அதென்ன இருநூற்று இருபது? முழுசாக இருநூறு என்று வைத்திருக்கலாமே.

மச்சான், ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தங்கச்சியிடம்கூட நான் சொல்லவில்லை. தரை ஈரமாக இருந்தது, ஏணிக்கால் வழுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். தரை காய்ந்துதான் இருந்தது. ஏறுவதற்கு முன் நீங்கள் "ஏறட்டா?" என்று கேட்டீர்கள், நான் "பிடிச்சிருக்கேன்" என்றேன். என்றைக்கும் போலத்தான். அந்த வார்த்தையை நம்பி ஏறினீர்கள். அப்புறம் போன் அடித்தது. ஒரு கையை எடுத்தேன். பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு கையையும் எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். பேசியவர் யாரோ, ராங் நம்பர்.

உங்கள் முன்னால் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை. அதனால்தான் வரவில்லை. வேலை என்றது சும்மா.

மாப்பிள்ளை

ஏப்ரல் 14

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

இரண்டு ஞாயிறாக உங்கள் தங்கச்சி வெறுங்கையோடு திரும்புகிறாள். "அண்ணன் ஒண்ணும் குடுக்கல" என்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள், "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று மட்டும் கேட்டாள்.

நீங்கள் எழுதாவிட்டாலும் சரி. கைப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேறு யாருக்காவது எழுதுங்கள்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 22

மாப்பிள்ளைக்கு,

கை நன்றாக இருக்கிறது. மனசுதான் எழுதவில்லை.

நீ சொன்னது எனக்கு முன்பே தெரியும். நீ "ஹலோ" என்றது மேலே வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு என்ன பேசினாய் என்று தெரியாது, நான் கீழே வந்துகொண்டிருந்தேன்.

தரை ஈரம் என்று நான் சொன்னது தங்கச்சிக்காக. ஆனால் விரிசலைத் தட்டிப் பார்க்காமல் பட்டி பூசி மூடினால் அடுத்த மழைக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்று வேலைக்குப் போன வீட்டிலெல்லாம் சொன்னவன் நான். என் விஷயத்தில் நானே மூடினேன். உள்ளே புழுங்கிக்கொண்டுதான் இருந்தது. உன் கடிதம் வந்ததும் வெடித்துவிட்டது. அன்றைக்கு நாற்காலியிலிருந்து ஒரு தரம்கூட எழ முடியவில்லை. கோபம் முட்டியில் வந்து உட்கார்ந்துகொண்டது. தபால்காரர்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. அந்தத் தாளில் நான் எழுதிய இலக்கை அப்படியே தருகிறேன்: 'ஏப்ரல் கடைசிக்குள் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்துபோய், மாடிப்படி ஏறி, என் மாப்பிள்ளையின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட வேண்டும்.'

பஸ் ஸ்டாப்பிலிருந்து உன் வீட்டு வாசலுக்கு இருநூற்று இருபது அடி. உன் வீட்டு மாடிப்படி பதினான்கு. உயரம் எதற்கு என்று இனிமேல் நீ கேட்க மாட்டாய்.

சிரிப்பதானால் சிரி. இத்தனை நாள் நீ "எழுந்துவிடுவீர்கள், அவசரப்படாதீர்கள்" என்று எழுதியதைப் படித்து நானும் பிசியோ அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

என் தப்பும் ஒன்று உண்டு. ஏணிச் சட்டத்துக்கு வெளியே உடம்பு போகக் கூடாது என்பது நம் இருவருக்கும் பொதுவான விதி. அன்றைக்கு அந்த மூலையில் ஒரு சாண் மிச்சம். இறங்கி ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டு எட்டினேன். நீ இரண்டு கையாலும் பிடித்திருந்தாலும் விழுந்திருப்பேனோ என்னவோ. தெரியாது.

நேற்று நாலாவது துண்டுக்கும் பச்சைக் கோடு விழுந்துவிட்டது. "இலக்கை மாத்திக்கிறீங்களா?" என்று பிசியோ அம்மா கேட்டார். யோசித்தேன். கோபம் பெரும்பாலும் போய்விட்டது, எல்லாம் போகவில்லை. ஆனால் மாற்ற மனசு வரவில்லை. உன் கன்னம் மட்டும் இல்லையென்றால் நான் இந்தக் கட்டிலை விட்டு எழுந்தே இருக்க மாட்டேன், மாப்பிள்ளை.

இதை வாங்கிப்போகத் தங்கச்சியை இன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். வந்து அறைவேனா, கட்டிக்கொள்வேனா என்று எனக்கே தெரியவில்லை. படியின் அடியில் நின்று "ஏறட்டா?" என்று கேட்பேன். பதில் வந்தால் ஏறுவேன். வராவிட்டால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

மச்சான்

ஏப்ரல் 24

அன்புள்ள மச்சானுக்கு,

இதை உங்கள் தங்கச்சி கையில் கொடுக்காமல் மையத்து வாசலில் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். உள்ளே வர இன்னும் தைரியம் வரவில்லை. வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷேவ் செய்துவிட்டேன். கன்னம் தயார். அறைவதை மட்டும் மேலே போய் வைத்துக்கொள்ளலாம், படியில் வேண்டாம். ஓங்கினால் தடுமாறுவீர்கள். எங்கள் வீட்டுப் படிக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம்தான், அதுவும் இடது பக்கம். ஆறாவது படி விளிம்பு உடைந்திருந்தது. நேற்று சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நன்றாகக் காய்ந்துவிடும்.

நான் மேலே வாசலில் காத்திருக்க மாட்டேன். பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். இருநூற்று இருபது அடியும் நீங்களே நடங்கள், தொட மாட்டேன். படி வந்ததும் உங்களுக்குக் கீழே ஒரு படி விட்டு நிற்பேன், இரண்டு கையும் காலியாக.

நீங்கள் கேட்கும்வரை காத்திருக்க முடியவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிடிச்சிருக்கேன் மச்சான். ஏறுங்க.

உங்கள்
மாப்பிள்ளை