பஸர் வயரில் வெள்ளை டேப்

கடுகண்ணாவை
1986 ஆகஸ்ட் 3

மச்சான் வீரய்யாவுக்கு,

இராமையா எழுதுவது. "அன்புள்ள" என்று போடத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன். நீ குவைத் போய் ஐந்து கிழமையாகிறது. போய்ச் சேர்ந்ததாக நீ எழுதிய கடிதத்தைத் தங்கச்சி சுந்தரி கொண்டுவந்து காட்டினாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று எழுதியிருந்தாய். பிளக்கட்டும்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கலஹாவில் ஓயாத மழை. உன் அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. பிள்ளை யசோதா மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாள். சடங்குக்கு நான் எடுத்துக்கொடுத்த பச்சைப் பாவாடையைத்தான் எங்கே போனாலும் கட்டுகிறாளாம். உன் வீட்டில் ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் எனக்குத்தான். கராஜில் என்னை நிறுத்திவிட்டார்கள். தினமும் காலையில் பொலிஸுக்குப் போய்க் கையெழுத்து வைக்கிறேன். 29ஆம் திகதி கண்டியில் விசாரணை. ஆமி லொறியில், பிரேக் காற்று குறைந்தால் கத்துகிற பஸரின் வயரை வெட்டியது நான் என்று வழக்கு. காலம் எப்படிக் கிடக்கிறது என்று உனக்குத் தெரியாதா? ஆமி லொறியில் தமிழன் ஒருவன் வயரை வெட்டினான் என்றால் அதைக் கவனக்குறைவு என்று எவன் சொல்வான்? நாசவேலை என்கிறார்கள். ஒருமுறை உள்ளே போட்டால் எப்போது விடுவீர்கள் என்று கேட்க நமக்கு யார் இருக்கிறார்கள்?

உனக்கு மறதி அதிகம். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன், உட்கார்ந்து வாசி.

அந்த லொறி வந்தபோது டிரைவர் கோப்ரல் ரத்னபால என்ன சொன்னார்? பஸர் ஓயாமல் கத்துகிறது, மீட்டரோ காற்று தொண்ணூறு இறாத்தல் என்று காட்டுகிறது, ஆகவே பஸர்தான் பழுது என்றார். முதலாளியும் அதையே சொன்னார். நீயும் தலையாட்டினாய். கரண்ட் வேலை என்னுடையது என்பதால் நான் ஏறினேன். பிரஷர் சுவிட்சில் இருந்து வயரைக் கழற்றினேன், பஸர் நின்றது. மாட்டினேன், கத்தியது. வயரில் குற்றமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு காற்றுத் தாங்கியில் கை மீட்டரைப் பூட்டிப் பார்த்தால் ஐம்பது இறாத்தல்கூட இல்லை. முள்தான் தொண்ணூறில் ஒட்டிக்கொண்டு பொய் சொன்னது. அறுபதுக்குக் கீழே இறங்கினால் கத்த வேண்டிய பஸர், கத்த வேண்டிய நேரத்தில்தான் கத்தியது. நான் பிரேக்கை மிதிக்க, நீ அடியில் படுத்துச் சவர்க்காரத் தண்ணீர் அடித்தாய். வால்வில் நுரை பொங்கியது. மச்சான், இது என் காற்று வேலை, ரப்பர் போயிருச்சு என்று நீதான் சொன்னாய். இல்லை என்று சொல்ல முடியுமா உன்னால்?

ரப்பர் கொழும்பிலிருந்து வர நாலு நாளாகும் என்றார்கள். முதலாளிக்கோ பொறுமை இல்லை. இந்த லொறி வெளியே போனால்தான் உனக்குச் சர்ட்டிபிகேட் தருவேன் என்று அவர் உன்னிடம் சொன்னதும், அந்தக் கடதாசி இல்லாமல் உனக்கு குவைத் இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அப்போதே சொல்லியிருந்தால் உனக்காக நான் போய் அவர் காலிலேயே விழுந்திருப்பேனே, பாவி!

மறுநாள் யசோதாவின் சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டுபோகாமல் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமா? விடியற்காலையிலேயே நான் தாம்பாளங்களோடு பஸ் ஏற வேண்டியிருந்தது. ரப்பர் முந்தியே வந்துவிட்டது, பூட்டிவிட்டு மத்தியானத்துக்குள் வந்து சேருகிறேன் என்று நீ சொன்னாய். அங்கேதான் நான் முட்டாளானேன். வேலை நடக்கிற லொறியின் ஸ்டியரிங்கில் அவனவன் பேர் எழுதிய தகரத் தட்டைத் தொங்கவிடுவதும், மாட்டியவனைத் தவிர வேறு யாரும் அதைத் தொடாததும் நம் கராஜில் எத்தனை வருசப் பழக்கம்? தட்டு தொங்குகிற லொறியை முதலாளிகூட எடுக்கமாட்டார். கூட வேலை செய்கிற நஸீம் தன் தட்டைச் சொந்தத் தம்பிக்கே கொடுக்கமாட்டான். நான் என்ன செய்தேன்? வேலை முடிஞ்சதும் என் தட்டையும் நீயே கழட்டிரு மச்சான் என்று சொல்லிவிட்டு, உன் மகளுக்குச் சீர் தூக்கிக்கொண்டு போனேன்.

ரப்பர் வரவே இல்லை, அப்படித்தானே? பஸர் வயரை வெட்டினாய். இரண்டு தட்டையும் கழற்றினாய். பிறகு கலஹாவுக்கு வந்து, என் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்து, இரண்டாம் தரம் பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தாய். லொறி என்னாச்சு என்று கேட்டேன். ஜம்முனு போச்சு மச்சான் என்றாய். அந்தப் பாயாசம் எப்படித்தான் உனக்கு இறங்கியதோ!

அடுத்த நாள் காலையில் கணவாய் இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போனது. பள்ளத்துப் பக்கம் போகாமல் கோப்ரல் மலைப்பக்கம் ஒடித்து மோதியிருக்கிறார். நஸீம் ஓடிவந்து சொல்ல, நீயும் நானும் ஒன்றாகத்தான் போய்ப் பார்த்தோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். நானோ உனக்கு ஆறுதல் சொன்னேன். மனிதர் பிழைத்துவிட்டார், வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கடைசி வரைக்கும் பஸர் கத்தவில்லை, முள் தொண்ணூறில் நின்றது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்.

நீ பிளேன் ஏறிய பிறகுதான் பொலிஸில் உன் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். அதில் நீ சொல்லியிருப்பது: காற்று வேலையை நான் சரியாக முடித்தேன், பஸர் தொல்லை தருகிறது என்று இராமையாதான் வயரை வெட்டினான், தன் தட்டைத் தானே கழற்றிவிட்டுப் போனான். கீழே உன் கையெழுத்து. சிங்களம் எனக்கு நன்றாகத் தெரிந்தும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். அவர்கள் மிரட்டி எழுத வைத்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பயத்தில் மனிதன் எதையும் செய்வான் என்றும் சொல்லிப் பார்த்தேன். பிறகு மேசையில் அந்த வயரை வைத்தார்கள். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெட்டிய முனையில் வெள்ளை டேப்! பைப் மூட்டில் காற்றுக் கசியாமல் சுற்றுகிற டேப். கரண்ட் வேலை செய்கிறவன் செத்தாலும் அதை வயரில் சுற்றமாட்டான். அது உன் பெட்டியில் மட்டும்தான் இருக்கும்.

அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் சுந்தரி என்ன ஆவாள், அப்பன் பேர் கெட்ட வீட்டிலிருந்து யசோதாவை யார் கேட்டு வருவார்கள் என்று நினைத்து விழுங்கிவிட்டேன். உன் குடும்பத்தை நான் நினைத்தேன். என் குடும்பத்தை நீ நினைத்தாயா? என் சின்னவனுக்கு நாலு வயது.

நீ திரும்பி வர வேண்டாம். உன் சம்பளமும் உன் குவைத்தும் உன்னோடேயே இருக்கட்டும். நடந்ததை உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு விசாரணைக்கு அனுப்பு. இந்தக் கடிதம் வரப் பத்து நாள், உன்னுடையது இங்கே வரப் பத்து நாள். ஒரு நாளும் தள்ளிப்போடாதே. வரவில்லையென்றால் 29ஆம் திகதி நான் வாயைத் திறப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே சுந்தரி கலஹாவிலிருந்து வந்துவிட்டாள். யாருக்குக் கடிதம் என்றாள், உனக்கு என்றேன். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தன் பேரிலும் நாலு வரி எழுதச் சொல்லி எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொல்வது: எங்க அண்ணன் அப்படிச் செய்யிற ஆளு இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா? கூடவே நின்னு வேலை செஞ்ச மனுசன் நீங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதுனா விட்டுருவாங்க. உங்கள நம்பித்தான் அண்ணிக்கிட்ட தைரியம் சொல்லி வச்சிருக்கேன். யசோதா தலையில கை வச்ச மாதிரி நெனச்சு, உள்ளத உள்ளபடி எழுதுங்க.

அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன். நீ கட்டாயம் எழுதுவாய் என்று அவளிடம் சொல்லியும் விட்டேன்.

இப்படிக்கு,
சுந்தரியின் அண்ணன்
இராமையா