இருநூற்று முப்பத்தொன்பதாவது மரம்

இன்று காலை நம் ரப்பர் மலையில் மரங்களுக்கு வெள்ளைப் பெயிண்டால் இலக்கம் போட்டார்கள். அந்த இலக்கங்களைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. இவர்களுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது. நீ பத்து வருஷத்துக்கு முன்பே உன் மரங்களுக்கு மனசுக்குள் எண் வைத்திருந்தாய்.

அப்போது நீயும் நானும் தெரணியகலைக்கு மேலே பக்கத்துப் பக்கத்து நிரைகளில் பால் வெட்டினோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றதும் நீ போய் நின்றாய். பால் கறை படிந்த உன் கையைப் பார்த்த பெரிய சேர், யாழ்ப்பாணத்துத் தலைமையாசிரியர், ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதித் தந்தார். 1111111.

"இது ஏதாலயும் வகுபடுமோ? ரெண்டு கிழமையில சொல்லும்."

வர்க்கமூலம் வரைக்கும், அதாவது ஆயிரத்து ஐம்பத்து நாலு வரைக்கும், வகுத்துப் பார்த்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்றாய். மரத்துக்கு ஓர் எண். உன் முந்நூறு மரமும் முடிந்தால், மறுநாள் முதல் மரம் முந்நூற்றொன்று. பகா எண் வரும் மரத்தில் மட்டும் நின்று, சிரட்டையில் பால் சொட்டும்போது வகுத்து, மீதியைக் கொப்பியில் குறித்தாய். உனக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று நான் சிரித்தேன்.

கடைசியில் ஒன்றாலும் வகுபடவில்லை. சேர் கொப்பியைப் புரட்டிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். நம் லயத்து வீடுகள் எல்லாமே சந்தோஷப்பட்டன.

சனிக்கிழமை வெட்டிக்கொண்டே போனவள் திடீரென்று கத்தினாய்.

"அடியேய், அந்தக் காஞ்ச மரத்த விட்டுட்டேன்டி!"

இருநூற்று முப்பத்தொன்பதாவது மரம் பால் நின்றுபோன மரம். கத்தி வைக்காத மரத்தில் நீ நிற்கவே இல்லை, கணக்கும் போடவில்லை. அங்கேயே குந்தி, இருநூற்று முப்பத்தொன்பதால் வகுத்தாய். நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது தடவை, மீதி இல்லை.

"வாய மூடிக்கிட்டு இரு. சேருக்கே தெரியல," என்றேன். பள்ளிக்கூட வேலை கைநழுவிப் போய்விடுமே என்று பயந்தேன்.

"அவருக்குத் தெரியலைன்னா என்ன? எனக்குத் தெரிஞ்சிருச்சே."

பால் வாளியைக்கூடக் கழுவாமல் சேரின் வீட்டுக்கு நடந்தாய். நானும் பின்னால் வந்தேன். நீ தப்பைச் சொல்லி முடித்தாய். அவர் தானே ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தார்.

"நானும் கவனிக்கேல்ல," என்றார். "திங்கட்கிழமை நேரத்தோட வாரும், டீச்சர்."

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீயோ, அவர் பெருக்கியது சரியா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. நான் இப்போது பால் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் கங்காணி. போன மாதம் ஒருத்தியின் பெயரை அன்றைய ஆள்வரவுப் பதிவில் எழுத மறந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நானே தோட்டத்துத் துரையிடம் போய், "தப்பு என்னோடதுங்க," என்றேன். போகும்போது பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன். உன் கூட்டாளி என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேனே.