ஒற்றை டெண்டர்

என் பழைய கூட்டாளிக்கு,

இதை நானே எழுதுகிறேன், நம்பு! எதிர்வீட்டு ஹம்ஸினி டீச்சர் இந்த எழுபது வயதில் எனக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தார். அவர் பாடம் முடித்து வீட்டுக்குப் போனதும் எழுதியதைச் சத்தமாகப் படித்துக்கொள்கிறேன். வீட்டில் வேறு குரல் இல்லை.

செகந்திராபாத் தெருக்களுக்கு ஈர்க்குத் துடைப்பம் வேண்டுமென்று மாநகராட்சி டெண்டர் விட்டிருந்தது. நாம் தொழிலில் பிரிந்த பிறகும் டெண்டர் உறை பிரிக்கும் நாளில் நீ ஜன்னலோரம் உட்காருவாய், நான் கதவோரம். பேசிக்கொண்டதில்லை. இந்த முறை நீ வரவில்லை. தொழிலை விட்டுவிட்டாயாமே? போட்டியில்லை, ஆர்டர் எனக்குத்தான் என்று மகிழ்ந்துபோனேன்.

ஆபீஸர் என் உறையைத் தொடவே இல்லை.

"நக்கோ தாத்தா, வேணாம்! ஒருத்தர் மட்டும் போட்டா டெண்டர் செல்லாது. எங்க உங்க தோஸ்து? ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டே உக்காந்திருப்பீங்களே!"

"அவன் வரலை சார்."

"அப்ப அடுத்த மாசம் மறுபடி கூப்பிடுவோம். அப்பவும் நீங்க ஒருத்தர்தான்னா, துடைப்பத்துக்குப் பதிலா மெஷின் வாங்கிடுவாங்க."

அப்படி நடந்தால் நமக்குத் துடைப்பம் கட்டித்தந்த பெண்களுக்கு வேலை போய்விடும். அதனால் நீயும் டெண்டர் போடு. உன் விலையை என்னிடம் சொல்லாதே, நானும் கேட்கமாட்டேன். குறைத்துப் போட்டு நீயே ஜெயித்தாலும் சரி, அந்தப் பெண்களுக்கே வேலை கொடு.

அங்கே வெகுநேரம் காத்திருக்க வேண்டும், டீகூடக் கிடைக்காது. இருவருக்கும் சேர்த்து ப்ளாஸ்கில் கொண்டுவருகிறேன். உனக்கு இப்போது சர்க்கரை போடலாமா, கூடாதா? அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன்னை எதிர்த்து டெண்டர் போடுகிறவன்