நடுவில் தேய்ந்த விரிப்பு

அன்புள்ள சிட்டுவுக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் அது முக்கால்வாசி உண்மை. உன் அப்பாவுக்கு முதுகுவலி விட்டபாடில்லை. ஆனாலும் கிடங்குக்கு இரவுக் காவலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். உன் அம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் நிற்க நேரமில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் மடிப்பு மேசைக்கு இப்போது நான்தான் மூத்தவள். என் கண்ணில் படாமல் ஒரு துணி வார்டுக்குப் போகாது.

உன் அழுக்குப் பை நேற்று வந்து சேர்ந்தது. அந்த ஊரில் துணி துவைக்கும் மெஷினுக்குக் காசு போட்டு மாளவில்லை என்று நீ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை துணியைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதும், நான் துவைத்துத் திருப்பி அனுப்புவதும் அந்தப் பஸ் டிரைவருக்கு வேடிக்கையாக இருக்கிறது. "ஏழு மணி நேரம் பயணம் பண்ணிக் குளிக்க வர்ற துணிய இப்பதான் பாக்குறேன்" என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். கூலி வாங்காமல் கொண்டுவருகிற மனுஷன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். நீயும் "நல்லா இருக்கேன் பாட்டி, சாப்பிட்டேன் பாட்டி" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் துவைத்த துணிக்கு நடுவில் இதை வைக்கிறேன். ஐந்தாவதோடு நின்றாலும் என் கையெழுத்து எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் கையெழுத்தைவிடத் தெளிவாகத்தான் இருக்கும்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் கட்டிலில் இன்னொருத்தி படுக்கிறாளா?

கோபப்படாதே. நான் உன் பையைத் துழாவவில்லை. நீ கிளம்பும்போது நான் தைத்துக் கொடுத்த நீல விரிப்பு இருக்கிறதே, அதை உதறிக் கொடியில் போட்டேன். நடுவில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஆள் படுத்தால் அந்தத் துணி ஒன்றரை வருஷம் தாங்கும். இருபத்தாறு வருஷமாக ஊரார் படுத்த துணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? தலையணை உறையையும் பார்த்தேன். வெளிப்பக்கம் அழுக்கு, திருப்பினால் உள்பக்கமும் அழுக்கு. ஒரு பக்கம் உன் நீளமுடி. இன்னொரு பக்கம் செம்பட்டைச் சாயம் போட்ட குட்டைமுடி.

முதலில் என் புத்தி போன இடத்தைச் சொன்னால் சிரிப்பாய். ஏதோ ஒரு பையன் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் தொழில் புத்தி வந்தது. இரண்டு பேர் சேர்ந்து படுத்தால் விரிப்பில் இரண்டு தடம் விழும். இதில் ஒரே தடம்தான், நட்டநடுவில். எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் மாறி மாறிப் படுக்கும் ட்யூட்டி அறை விரிப்பு இப்படித்தான் தேயும். ஒருத்தி எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் வந்து படுப்பாள். கட்டில் சும்மா இருக்கும் நேரமே கிடையாது.

உன் கட்டிலும் அப்படித்தானா? யுனிவர்சிட்டி விடுதியில், ஜன்னல் வைத்த அறையில், உனக்கென்று ஒரு கட்டில் இருப்பதாகத்தானே நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

இதை எழுதும்போதே எனக்கு உறைக்கிறது. விடுதி என்று நீ எப்போது சொன்னாய்? நான்தான் சொன்னேன். உனக்கு இடம் கிடைத்த அன்று என்னைப் பார்க்க சலவைக் கூடத்துக்கு வந்தாயே, அன்று மடிப்பு மேசையைத் தட்டி, "எம் பேத்திக்குப் படிப்பு, அறை, சாப்பாடு எல்லாத்தையும் யுனிவர்சிட்டியே பாத்துக்கும், நாங்க அஞ்சு காசு செலவழிக்க வேணாம்" என்று கூடமே கேட்கும்படி முழங்கினேன். நீ பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். இஸ்திரிக்காரம்மா உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நீ வாயை மூடிக்கொண்டாய். சாயங்காலம் உன் அப்பா கேட்டபோது "ஆமாப்பா" என்று தலையாட்டினாய். அதை நம்பித்தான் அவன் மாதா மாதம் கைச்செலவுக்கு மட்டும் அனுப்புகிறான். படிப்புக் கட்டணம் மட்டும்தான் தள்ளுபடியா, சிட்டு? மீதியெல்லாம் உன் தலையிலா?

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. என் வாய்ச்சவடாலுக்கு நீ காவல் நிற்கிறாயோ என்றுதான் பயமாக இருக்கிறது. அடுத்த பையில் பதில் போடு. உண்மையை எழுது. அப்பாவிடம் காட்டமாட்டேன் என்று சத்தியம் செய்யமுடியாது, ஆனால் முதலில் நான்தான் படிப்பேன்.

விரிப்புக்கு நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறேன். முதுகில் உறுத்தினால் சொல்.

உன் பதிலுக்காகப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
பாட்டி

*

என் சிட்டுவுக்கு,

பாட்டியின் ஆயிரம் முத்தம். உன் இரண்டு பக்கக் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை, துணி உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அங்கே சூட்டில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வரும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அந்தச் செம்பட்டைமுடிப் பெண் பேக்கரியில் இரவெல்லாம் மாவு பிசைந்துவிட்டு விடியற்காலையில் வந்து படுப்பாள், நீ எழுந்து வகுப்புக்குப் போய்விடுவாய் என்று எழுதியிருக்கிறாய். சாயங்காலம் கடையில் பில் போட்டுவிட்டு, நூலகம் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கட்டில் உன்னுடையதாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் விடுமுறை என்பதால் ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாளாம். இதை நீ ஏதோ விளையாட்டுப் போல எழுதியிருக்கிறாய். உனக்குக் காய்ச்சல் வந்ததே, அந்த வாரம் என்ன செய்தாய் என்று எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை, எனக்குத் தாங்காது.

அதைவிடக் கடைசி நாலு வரிதான் என்னைப் போட்டுப் புரட்டிவிட்டது. வீட்டுக்காரி அடுத்த மாதம் வாடகையை ஏற்றுகிறாள், இனிமேல் இழுக்க முடியாது, படிப்பை நிறுத்தும் விண்ணப்பத்தை எழுதிப் பையில் வைத்திருக்கிறேன், மாதக் கடைசிக்குள் கொடுக்கவேண்டும் என்கிறாய். "பாட்டிக்குத் தலைகுனிவாகிவிடுமே என்றுதான் இன்னும் கொடுக்கவில்லை" என்கிறாய். அடிப் பைத்தியக்காரி, என் தலையைப் பற்றி உன்னை யார் கவலைப்படச் சொன்னது?

அந்தத் தலைகுனிவை நான் நாலு நாளைக்கு முன்னாலேயே முடித்துவிட்டேன். இடைவேளையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அதே மேசையைத் தட்டினேன். நான் சொன்னதெல்லாம் புளுகு, என் பேத்திக்கு அறையும் கிடையாது, சாப்பாடும் கிடையாது, பாதிக் கட்டிலில் படுத்துப் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். இஸ்திரிக்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப இத்தன நாளா எங்க காதுல பூ சுத்திக்கிட்டு இருந்தியா, கெழவி?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் டீயை மேசையில் வைத்தாள். அப்புறம், "எம் பையன் மேனேஜர்னு சொன்னேன்ல, அவன் ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல அட்டைப்பெட்டிக்கு நடுவுலதான் படுத்துக்கிறான்" என்றாள். அதைக் கேட்டதும் மெஷின் ஓட்டுகிற பெண், தன் தங்கை தனி வீடு எடுத்திருப்பதாகச் சொன்னது பொய், ஆறு பேருக்கு ஒரு குளியலறை, குளிப்பதற்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள் என்றாள். எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. சூப்பர்வைசர் தம்பி எட்டிப்பார்த்து, "என்ன, யாருக்காச்சும் கல்யாணமா?" என்று கேட்டான். அந்தப் பெரிய ஊரில் எல்லார் வீட்டுப் பிள்ளையும் மாளிகையில் இருக்கிறது, எங்கள் வாயில் மட்டும்.

உன் அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சொல்லிவிட்டேன். கத்துவான் என்று நினைத்தேன். "அவளால கால நீட்டிப் படுக்க முடியுதாம்மா?" என்று மட்டும் கேட்டான். உன் அம்மா மட்டும், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்று மூன்று நாளாகப் பாத்திரங்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தனியாக ஒரு போன் போடு. ஸ்பீக்கர் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

இன்னொரு செய்தி. எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி தங்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், அதிர்ந்து பேசமாட்டாள். நம் வீட்டு முன்னறைக்குக் குடிவந்துவிட்டாள். அவள் தரும் வாடகை இனிமேல் மாதா மாதம் உன் பெயருக்கு வரும். முன்னறை உன் அறையாயிற்றே பாட்டி, நீ எங்கே படுக்கிறாய் என்று உடனே கேட்காதே. உன் அப்பா இரவில் வீட்டில் இல்லை, உன் அம்மாவுக்கும் பேச்சுத் துணை வேண்டாமா? அவள் குறட்டை விடுகிறாள் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது பார். நான் விடுகிறேன் என்று அவள் சொல்கிறாள். நம்பாதே.

அந்தக் காசில் உனக்குத் தனி அறை கிடைக்காது என்பது தெரியும். அந்த ஊர் விலைவாசி எனக்கும் இப்போது கொஞ்சம் புரிகிறது. ஒரு கட்டில் கூடுதலாகப் போடுகிற இடமாவது கிடைக்குமா என்று விசாரி. அந்தப் பேக்கரிப் பெண்ணையும் விட்டுவிடாதே. அவளுக்குப் படிப்பும் இல்லை, துணிப்பை அனுப்ப ஒரு பாட்டியும் இல்லை என்று எழுதியிருந்தாய். அவள் துணியையும் உன் பையிலேயே போட்டு அனுப்பு. டிரைவரிடம் சொல்லிவிட்டேன். "அடுத்து ஊரையே ஏத்தி அனுப்பிடுவீங்க போல" என்று முனகினார், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

விண்ணப்பத்தை என்ன செய்வது என்பது உன் முடிவு. உன் அப்பா கிழித்துப் போடச் சொல்லச் சொன்னான், நான் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாட்டிக்காகப் படிக்காதே. என் பெருமை அன்றோடு டீக்கோப்பையில் கரைந்துவிட்டது, அதைத் தூக்கிச் சுமக்க இனி யாரும் வேண்டாம். உனக்கு அந்தப் படிப்பு வேண்டும் என்றால் மட்டும் இரு. வேண்டுமா, சிட்டு? சின்ன வயதில் என் மருந்துச் சீட்டை எல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்து, "இதெல்லாம் எப்படிப் பாட்டி வேல செய்யுது?" என்று என்னைத் துளைத்து எடுப்பாயே, அந்தச் சின்னப் பெண்ணைக் கேட்டுப் பார்த்து முடிவு செய். என்ன முடிவு செய்தாலும் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும்.

விடுமுறைக்கு வரும்போது அந்தப் பேக்கரிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. படுக்க இடம் இருக்குமா என்று யோசிக்காதே, அது என் பாடு.

யாரும் வந்து தோளைத் தட்டி முறை மாற்றாமல், தூக்கம் தீர்ந்து நீயாகவே கண் விழிக்கிற காலை உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் தினம் தினம் வாய்க்கட்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
பாட்டி