வால் பெட்டி இனி இங்கேதான்

அன்பு மகள் யாமிலேவுக்கு, ஹோல்கினிலிருந்து அம்மா எழுதுவது. கரிதாத் மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே மயாமியில் நீயும் ராண்டியும் என் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். குட்டிக்குப் பல் முளைத்த படத்தை அப்பா தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். நலம் விசாரித்தாயிற்று, இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். ஃபோனில் நான் கோபமாகப் பேச ஆரம்பித்தாலே லைன் போய்விடுகிறது, இல்லாவிட்டால் நீ ஃபோனை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறாய். காகிதத்தில் அந்தத் தப்பிக்கிற வேலை நடக்காது. வியாழக்கிழமை விமானம் ஏறும் பக்கத்து வீட்டு நெரெய்தாவின் மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கையில் கிடைத்ததும் நின்ற இடத்திலேயே படி.

நேற்று ஃபோனை எடுத்ததும், ஏம்மா, பெரியப்பா வீட்டுலேருந்து பேட்டரியத் திருடிட்டு வந்துட்டியாமே என்று கேட்டாய். திருட்டாமே! நீ எங்களுக்கு அனுப்பிய பொருளை நான் எடுத்துவந்தால் அது திருட்டா? ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் உன் பெரியப்பா கசிமிரோ உன்னிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். கப்பலில் அந்தப் பெட்டி வந்த அன்று வழக்கம்போல் கரண்ட் இல்லை, தெருவே சார்ஜரும் கையுமாக நம் வாசலில் கூடிவிட்டது. பிரித்துப் பார்த்தால் பிளக் சொருக ஒரு ஓட்டை கிடையாது. தள்ளுபடியில் கிடைத்ததென்று, பிளக் சொருகிக் கரண்ட் எடுக்கிற பவர் ஸ்டேஷன் பெட்டிக்குப் பதிலாக, அதோடு சேர்த்து வைக்கிற கூடுதல் பேட்டரியை மட்டும் வாங்கி அனுப்பியிருக்கிறாய். என்னக்கா, உம் பொண்ணு காலு நீட்டிக்க முக்காலி அனுப்பியிருக்கா போலிருக்கே என்று நெரெய்தா கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கோபம் வந்தது உன் பெரியப்பா வாயைத் திறந்தபோதுதான். இது வெறும் வாலு, தல எங்கிட்ட இருக்கு, வால மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற என்றார். அவர் மகன் அனுப்பிய பவர் ஸ்டேஷனும் அதே கம்பெனிதானாம், இரண்டையும் சேர்த்தால்தான் வேலை செய்யுமாம். என்னிடம் இப்படிச் சொல்லிவிட்டு உன்னிடமும் பேசி முடித்துவிட்டார். நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், சரி பெரியப்பா, எடுத்துக்குங்க, அப்பாவுக்கு மட்டும் ஒரு வயர் இழுத்துக் குடுங்க என்று சொல்லிவிட்டாய். அந்தத் தலை, வால் இரண்டும் சேர்ந்து எதை ஓட்டின தெரியுமா? அவருடைய ஐஸ் வியாபாரத்தை! கரண்ட் இல்லாத தெருவில் கொய்யாச் சாறு ஐஸ் விற்கிறவர் அவர் ஒருவர்தான். பெரியம்மா ஜன்னலில் உட்கார்ந்து விற்கிறாள், ஸ்கூல் விட்டால் பிள்ளைகள் வரிசை கட்டுகிறார்கள். நமக்கு வந்ததோ மூன்று வீட்டுச் சுவர் தாண்டித் தொங்குகிற ஒரு வயர். இழுப்புக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கிற அப்பாவின் நெபுலைசர் மெஷின் அதில் ஓட வேண்டும். மருந்துக்கடையில் வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் கிடைத்து மாதக்கணக்காகிறது, அந்த மெஷினை விட்டால் அவருக்கு வேறு வழி கிடையாது என்பது உனக்கும் தெரியும் உன் பெரியப்பாவுக்கும் தெரியும்.

போன வாரம் ஒரு மத்தியானம் அப்பாவுக்கு இழுப்பு வந்தது. மருந்தை ஊற்றி மெஷினைப் போட்டேன், பாதியில் நின்றுபோனது. பார்த்தால் வயரில் கரண்ட் இல்லை. உதடு நீலம் பூத்து அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நான் செருப்பில்லாமல் பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன். எப்படியோ வயரைத் திரும்பச் சொருகியாயிற்று, மெஷின் ஓடியது, அப்பா தப்பினார். மறுநாள் காலையில் நெரெய்தாவின் தள்ளுவண்டியோடு போனேன். பெரியம்மா கத்தக் கத்த, உன் பேட்டரியைக் கழற்றி வண்டியில் ஏற்றி, தெரு நடுவிலேயே தள்ளிக்கொண்டு வந்தேன். திருட்டு என்றால் இதுதான் திருட்டு, ஊரே பார்த்தது.

இனி உன் புருஷனுக்குப் பதில். வெளி இன்வெர்ட்டர மாட்டினா வெடிச்சிரும் அத்தை, வாரண்டியும் போயிரும் என்றார் ராண்டி. எந்த வாரண்டிக்காரன் ஹோல்கின் வந்து பார்க்கப்போகிறான்? இந்த ஊரில் கரண்ட் போனால் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியிலேயே இன்வெர்ட்டர் மாட்டி, ஃபேன் ஓட்டி, சோறு பொங்குகிறவர்கள் நாங்கள். ஸ்கூட்டர் ரிப்பேர் பண்ணுகிற வில்பெர் வந்தான். கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள முடிச்சுக் குடுக்கறேன் என்று அலட்டிக்கொண்டு, ஸ்கூட்டருக்குப் போடுகிற இன்வெர்ட்டரையே மாட்டினான். அது வீல் வீலென்று கத்திவிட்டு அணைந்துபோனது. திரும்பத் திரும்ப மாட்டினான், திரும்பத் திரும்பக் கத்தியது. பேட்டரி செத்துப்போச்சு தாயீ என்று கையை விரித்துவிட்டான். எனக்கு மனசு ஆறவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தேன், ஐம்பத்தொரு வோல்ட் என்று இருந்தது. உன் ஸ்கூட்டர் எத்தன வோல்ட்டுடா என்றால் அறுபது என்கிறான்! அந்த இன்வெர்ட்டருக்கு இது காலிப் பேட்டரி மாதிரித் தெரிந்திருக்கிறது, கத்தாமல் என்ன செய்யும்? அசடு வழிந்துகொண்டே போய், இந்த ஐம்பத்தொன்றுக்கும் பொருந்துகிற நாற்பத்தெட்டு வோல்ட் சின்ன இன்வெர்ட்டர் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். என் சமையல் புத்தகத்தைவிடச் சின்னது. நெபுலைசர் மோட்டார் சூடாகாமல், வீட்டுக் கரண்ட் மாதிரியே சுத்தமாகக் கொடுக்கிற வகை. நடுவில் ஃப்யூஸ் போட்டிருக்கிறோம், வயர் தடிமனானது, பேட்டரிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. சார்ஜ் ஏற்ற, கூரையில் வில்பெர் தேடிக் கொண்டுவந்து போட்ட ஒரு சோலார் தகடு, அதிலிருந்து பேட்டரியில் அதற்கென்றே இருக்கிற துளைக்கு வயர். பெட்டி அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மெஷினுக்கும் ஒரு ஃபேனுக்கும் தாராளமாகப் போதும். ஃப்ரிட்ஜுக்குப் போதாது, எனக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம். உன் வால் தலையில்லாமல் ஓடுகிறது என்று பெரியப்பாவிடம் சொல்.

அவர் ஞாயிற்றுக்கிழமை மருமகனோடு வந்து பெட்டியை எடுத்துப்போகப்போகிறாராம். உன் பொருளாம், நீ கொடுத்த வாக்காம், இடையில் நான் யாராம். அதனால்தான் அந்த மத்தியானத்தையும் எழுதிவிடுகிறேன். நான் ஓடிப் போனபோது வயர் தானாகக் கழன்றிருக்கவில்லை. சார்ஜ் குறைகிறதென்று அவரே பிடுங்கிப் போட்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் ஐஸ் தட்டை விட்டுத் தலை நிமிராமல், கொஞ்ச நேரம் பொறுத்துக்கச் சொல்லு தம்பிய, இப்பக் குடுத்தா ஐஸெல்லாம் உருகிரும் என்றார். கூடப் பிறந்த அண்ணன். நான் அவரைத் தாண்டிப் போய் வயரை எடுத்து நானே சொருகினேன். இந்த வார்த்தையை உன்னிடம் சொல்லவே கூடாதென்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சின்ன வயசுல என்ன முதுகுல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் அவன், புள்ள மனசுல அவனக் கெட்டவனாக்காத என்று கண்கலங்கினார். இப்போதும் கட்டிலில் படுத்தபடியே, ஐஸ் விஷயத்த எழுதலையே என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

மாதா உங்கள் மூன்று பேரையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். குட்டிக்கு மலாங்கா கிழங்கை நன்றாக மசித்துக் கொடு, டப்பா உணவு வேண்டாம். மறக்காதே, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பெரியப்பாவுக்கு நீயே ஃபோன் போட வேண்டும், ராண்டி இல்லை. பேட்டரி அப்பாவுடையது என்று மட்டும் சொல், போதும். அதன்பிறகு அவர் தட்டினாலும் கதவைத் திறந்து காபி கொடுப்பேன், அப்பாவின் அண்ணன் ஆயிற்றே. கட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும் விடமாட்டேன்.

உன் அம்மா,
ஒடால்மிஸ்