மேசைக்குப் போகாத வில்லை

சார்ல்ஸ்டன்
1906 மார்ச் 4

அன்பு மகன் ஏனோக்குக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சில்ப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். பிலடெல்பியா குளிருக்கு நான் அனுப்பிய கம்பளியைப் போடுகிறாயா, இல்லை பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

வெள்ளைக்காரர் கோயிலின் மாடியில் உட்கார்ந்திருந்த நம் சனம் இறங்கி வந்து தனியாகப் பிரஸ்பிட்டேரியன் சபை வைத்து இந்த ஈஸ்டரோடு நாற்பது வருடம், அதனால் சரித்திரப் புத்தகம் போடுகிறார்கள். லவீனியா தன் அம்மா பிலிஸின் இராப்போஜன வில்லையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அடிமைக் காலத்தில் மூப்பர்கள் கொடுக்கும் அந்தத் தகர வில்லை இருந்தால்தான் இராப்போஜன மேசையில் இடம். அதைப் பட்டுத் துணிமேல் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பிலிஸ் என்று பெயரும் எழுதி, பிரசங்க பீடத்துப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். போன ஞாயிறு லவீனியா புதுத் தொப்பியும் தானுமாய் வந்து, “ஏன் தொர்க்கா, உங்கம்மா ஆகாரும் அந்த மாடியிலதான இருந்தாங்க? ஒரு ஊசிகூடவா மிச்சம் வைக்கல?” என்றாள். அன்று எனக்கு இறால் சோறு இறங்கவில்லை. என் அம்மாவின் வில்லையை நீ ரயில் ஏறும்போது உன் சட்டைப் பைக்குள் தைத்துவிட்டேனே, அதை உடனே அனுப்பு என்று எழுதத்தான் சில்ப்பாவைக் கூப்பிட்டேன்.

அவள் பேனாவை எடுக்காமல் நின்றாள். பழைய கோயிலிலிருந்து இரவல் வாங்கிய மூப்பர் சங்கக் குறிப்பேட்டைப் புத்தகத்துக்காக அவள்தான் பிரதி எடுக்கிறாள், ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே. “அம்மா, வில்லைய மேசையில திருப்பிக் குடுத்துடணும். கையிலயே இருந்தா அன்னைக்கு அவங்க மேசைக்குப் போகலன்னு அர்த்தம்” என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். ஆகார் வில்லை வாங்கியும் மேசைக்கு வரவில்லை, கேட்டதற்கு, எஜமானி கொடுத்த நீலச் சால்வையோடு பிலிஸ் எதிரே உட்கார்ந்தால் அப்பம் தொண்டையில் இறங்காது என்றாள், அதற்காக மூன்று மாதம் மேசையிலிருந்து விலக்கு. குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறதாம். ஏடு முழுவதும் என் அம்மாவின் பெயர் வருவது அந்த ஓர் இடத்தில்தான்.

அந்த வரியை விட்டுவிடு என்று அவளை அதட்டினேன். இரண்டு நாள் மனம் ஆறவில்லை. விட்டால் பிலிஸ் கண்ணாடிக்குள் இருப்பாள், என் அம்மா பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். பொறாமைக்காரி என்றாவது பெயர் வரட்டும், எழுது என்று சொல்லிவிட்டேன்.

நீயும் வில்லையை ஈஸ்டருக்கு முன் பதிவுத் தபாலில் அனுப்பு, மறக்காதே. போகும் இடமெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னே நடக்கட்டும். இன்னொன்று, பிலிஸின் வில்லையும் திருப்பிக் கொடுக்காததுதானே? அவள் யாரைப் பார்த்து வயிறெரிந்தாள் என்று சில்ப்பாவைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா,
தொர்க்காள்