மேடையில் விழுந்த துண்டு

மார்க்கையன்கோட்டை,
தாது வருஷம், மாசி 3.

மகன் கர்ணனுக்கு உன் அய்யா சுருளியாண்டி ஆசியோடு எழுதுவது. உன் ஆத்தாளும் நானும் இரண்டு மாடுகளும் சுகம். நீ சுகமாக இருப்பதாக ஒரு வரி வந்தால் இங்கே சோறு இறங்கும்.

இது என் கைதான், சந்தேகப்படாதே. யாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதச் சொல்லவில்லை. ஐப்பசியிலிருந்து சாவடியில் நடக்கிற ராப்பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். நரைத்த தலையோடு சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று ஊர் சிரித்தது. உன் ஆத்தாளும், "படிச்சு என்ன, தாசில் உத்தியோகமா பாக்கப் போறீக?" என்றாள். இப்போது அவளே அரிக்கேன் கண்ணாடியைத் துடைத்து வைக்கிறாள். முந்தாநாள் தொடங்கிய கடிதம் இது. ஒரு வரி எழுதினால் ஒரு வயலுக்கு வரப்பு வெட்டிய களைப்பு வருகிறது. ஆனால் வரப்பு வெட்டும்போது இந்தச் சந்தோஷம் வருவதில்லை.

சங்கதி இதுதான். சின்னமனூரில் பஸ் நிற்கும் இடத்தில் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எங்கே எழுத்தைப் பார்த்தாலும் நின்று படிக்கிறேன் இப்போதெல்லாம். "தேனி சந்தை மைதானத்தில் குத்துச்சண்டை, மாசி 16 சனிக்கிழமை" என்று சத்தமாகவே படித்தேன். அதற்குக் கீழே, "மதுரை மில் கர்ணன்." உன் பெயரைத் தொட்டுப் பார்த்தேன், பசை காயவில்லை. கடைக்காரன், "பெருசு, நோட்டீசக் கிழிச்சுராதீக" என்றான். "ஏலே, இது எம் மகன் பேரு" என்றேன்.

நீ சண்டை பழகுவதை எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்குக் கோபமில்லை. உன் ஆத்தாள்தான், "பெத்த பிள்ளைய அடிக்கிறதுக்கு டிக்கெட்டுப் போட்டு விக்கிறாகளா?" என்கிறாள். நான் வரலாமா என்று எழுது. கேட்பது மரியாதைக்கு. எப்படியும் வருவேன்.

உன் அய்யா,
சுருளியாண்டி


மதுரை,
19-2-1937.

அய்யாவுக்கும் ஆத்தாளுக்கும் கர்ணன் வணங்கி எழுதுவது.

உறையைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். உள்ளே உங்கள் பெயரைப் பார்த்ததும் கூட இருக்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். உறையைக்கூட எறியவில்லை.

சொல்லக் கூடாது என்பதில்லை, அய்யா. சொன்னால் பயப்படுவீர்கள். மில்லில் எனக்குப் பஞ்சு உடைக்கிற அறையில் வேலை. நாள் முழுக்கத் தூசி. படுத்தால் இருமல் விடுவதில்லை. அதே அறையில் என்னோடு சேர்ந்தவன் போன மாதம் ஊருக்குப் போய்விட்டான், திரும்பி வரமாட்டான் என்கிறார்கள். ஒரு வருஷமாக ரயில்வேக்காரர் ஒருவர் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லித்தருகிறார்.

தேனிக்கு வருவது மதராஸ் வைகுண்டராஜ் என்பவருடைய கம்பெனி. முதலில் என்னைப் போலச் சும்மா ஆடுகிறவர்கள் ஆடுவோம். கடைசியில் அவரிடம் சம்பளத்துக்கு ஆடுகிற இருவர். என்னை எதிர்ப்பவன் போடி சுந்தர்ராஜ். எங்களில் ஜெயிக்கிறவனைக் கம்பெனியில் சேர்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். மதராஸ், கொழும்பு, ரங்கூன் என்று போகலாம். இந்தப் பஞ்சை விட்டு வெளியே போக எனக்கு வேறு வழி தெரியவில்லை, அய்யா.

நீங்கள் வாருங்கள். ரத்தம் வந்தாலும் எழுந்து ஓடிவரக் கூடாது. மூன்றே ரவுண்டு, பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆத்தா வர வேண்டாம்.

உங்கள் மகன்,
கர்ணன்


மார்க்கையன்கோட்டை,
மாசி 19.

கர்ணனுக்கு அய்யா எழுதுவது. ஊர் வந்து சேர்ந்தோம். கோபத்தில் எழுத்துக் கோணுகிறது, பொறுத்துப் படி.

நீ அங்கே இருந்தவன்தான். ஆனாலும் யாரிடமாவது சொல்லாமல் எனக்கு ஆறவில்லை. உன் மாமன் சீனிச்சாமியும் நானும் சந்தை கலையும் முன்பே போய்விட்டோம். சாணத்தைக் கூட்டித் தள்ளிவிட்டுப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு போலீஸ்காரரும் ஒரு பஸ் கிளீனரும் ஏறினார்கள். ஒரே குத்து, கிளீனர் உட்கார்ந்துகொண்டான். "எந்திரிலே!" என்று சனம் கத்துகிறது. அவன், "போங்கய்யா, காலையில வண்டிக்குப் போகணும்" என்கிறான்.

கடைசியில் வந்த சம்பளக்காரர்களை நீ பார்க்கவில்லை. நீ உடுப்பு மாற்றப் போனவன் திரும்பவே இல்லை. கொடுத்த காசுக்குப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று சீனிச்சாமி பிடிவாதம் பிடித்தான். இருவரும் சம்பந்திகள் மாதிரி கட்டிக்கொண்டே நின்றார்கள். "ஏப்பா, வெத்தல பாக்குத் தட்டக் கொண்டாங்க, பரிசம் போடப் போறாக" என்று ஒருத்தன் கத்தினான். மேடை முழுக்கக் கடலைத் தோலாகப் பறந்தது. பெட்ரோமாக்ஸ் ஒன்று அணைந்தது, ஏற்றவும் ஆளில்லை. அத்தனை சனமும் வைதுகொண்டே கலைந்தது.

அந்த ராத்திரியில் நல்லது என்றால் ஒன்றுதான். உனக்குச் சொல்லித்தருகிறவர் ரயிலைத் தவறவிட்டார் என்றதும் வைகுண்டராஜ், "உங்க ஆள் ஒருத்தரை மூலையில உக்காரச் சொல்லு, தண்ணி குடுக்கட்டும்" என்றாரே. நீ என்னைப் பார்த்தாய். உன் முகத்தைத் துடைத்துவிட்டேன், வாயில் தண்ணீர் ஊற்றினேன். நீ நடக்கப் பழகிய பிறகு உன் முகத்தை நான் துடைத்ததில்லை.

மூன்றாவது ரவுண்டில் உன் இடது கை அவன் தாடையில் இறங்கியது. சுந்தர்ராஜுக்கு முழங்கால் மடிந்ததை நான் பார்த்தேன், மைதானமே பார்த்தது. எனக்கு நிலைகொள்ளவில்லை. நம்மூர்க் கிடாமுட்டில், தன் கிடா நல்ல முட்டு முட்டினால் கிடாக்காரன் தோள்துண்டைக் களத்தில் வீசிப் பெருமைப்படுத்துவானே, அதைப் போல என் துண்டை எடுத்து உன் காலடியில் வீசினேன். வீசிய கையை மடக்கவில்லை, அதற்குள் மேடை நடுவில் நின்ற விசில்காரர் விசிலை ஊதி உன்னை நிறுத்திவிட்டார். நிற்கத் தள்ளாடுகிறவன் கையைத் தூக்கிக் காட்டி அவன் ஜெயித்தான் என்கிறார்! இது என்ன நியாயம்? நீயாவது ஒரு வார்த்தை கேட்டாயா? துண்டை எடுத்து உதறி என் தோளில் போட்டுவிட்டு, "வாங்கய்யா, எறங்குவோம்" என்றாய். அவ்வளவுதான்.

நான் விடப்போவதில்லை. கலெக்டர் துரைக்கு மகஜர் எழுதியிருக்கிறேன். முழுவதும் என் கை. தெருவில் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள், நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்ததும் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நீ சரி என்று எழுதினால் தபாலில் சேர்ப்பேன்.

உன் அய்யா,
சுருளியாண்டி


மதுரை,
8-3-1937.

அய்யாவுக்குக் கர்ணன் எழுதுவது.

மகஜரை அனுப்ப வேண்டாம்.

இதை உங்களுக்குச் சொல்லாமலே இருந்துவிட நினைத்தேன். ஆனால் மகஜர் போனால் விசாரிப்பார்கள். விசாரித்தால் தேனி சிரிக்கும், பிறகு நம்மூர் சிரிக்கும். அதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆட்டத்தில் ஆடுகிறவனுடைய மூலையில் இருப்பவர் துண்டை மேடையில் எறிந்தால், எங்கள் ஆள் தோற்றான், இதற்கு மேல் அடிக்க வேண்டாம் என்று அர்த்தம். அதோடு ஆட்டம் முடிந்தது. விசில்காரர் மேல் தப்பில்லை. நீங்கள் என் மூலையில் இருந்தீர்கள். அவர் சட்டப்படி செய்தார்.

உடுப்பு மாற்றப் போனபோது வைகுண்டராஜைப் பார்த்தேன். எங்கள் அய்யாவுக்கு இந்த வழக்கம் தெரியாது என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "கைய ஒசத்தியாச்சுப்பா, இனி மாத்த முடியாது" என்றார். சுந்தர்ராஜைச் சேர்த்துக்கொண்டார்கள். கம்பெனி கொழும்புக்குக் கப்பலேறிவிட்டது. நான் திங்கள்கிழமை பழைய அறைக்கே வேலைக்குப் போனேன்.

உங்கள் மேல் கோபமில்லை. கோபமில்லை என்று எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. இன்னும் அது சரியாக எழுத வரவில்லை. இனி நான் எங்காவது ஆடினாலும் நீங்கள் வர வேண்டாம். வீரபாண்டித் திருவிழாவுக்கு நான் வருவதற்கில்லை. ஆத்தாளிடம் லீவு இல்லை என்று சொல்லுங்கள்.

கர்ணன்


மார்க்கையன்கோட்டை,
பங்குனி 2.

கர்ணனுக்கு அய்யா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. விளங்கியது. மகஜரை அடுப்பில் வைத்துவிட்டேன். கைநாட்டு வைத்தவர்கள் கேட்கிறார்கள், தபாலில் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

முன்பெல்லாம் உன் கடிதத்தைச் சீனிச்சாமிதான் படித்துச் சொல்வான். நடுவில் கொஞ்சம் நிறுத்துவான், தொண்டையைச் செருமுவான், பிறகு "எல்லாஞ் சௌக்கியந்தானாம்" என்பான். அவனுக்கு எழுத்துத் தடுமாறுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருமலைப் பற்றி நீ அப்போதே எழுதியிருந்தாயா என்று நேற்று அவனிடம் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று அவன் எழுந்து போய்விட்டான்.

உன் ஆத்தாள் தொழுவில் கைகூட அலம்பாமல் ஓடிவந்து, "என்ன எழுதியிருக்கான், வாசிங்க" என்றாள். வாசித்தேன். சுகமாக இருக்கிறான், வேளைக்குச் சாப்பிடுகிறான், மில்லில் நல்ல பேர், திருவிழாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று வாசித்தேன். "இம்புட்டுப் பெரிய தாளுல இவ்வளவுதானா?" என்றாள். பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறான் என்றேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். முதலில் வாசித்ததை மறக்காமல் அதேபடி வாசித்தேன். இன்று காலையிலும் கேட்டாள்.

எனக்குக் கை பழகிவிட்டது. இந்தக் கடிதத்தை ஒரே பொழுதில் எழுதிவிட்டேன்.

நான் வரமாட்டேன். நீ வரும்போது வா. எனக்கு எழுத உனக்குத் தோன்றவில்லை என்றால் எழுத வேண்டாம். உன் ஆத்தாளுக்கு மட்டும் மாதம் இரண்டு வரி எழுது. எது எழுதினாலும் மெய்யாக எழுது. அவளுக்கு வாசிக்கக் கூடியதாகவும் எழுது.

சுருளியாண்டி